பிராணவாயு கலந்த பெட்ரோல்

பெட்ரோலில் ஈயம் கலந்து விற்ற காலம் ஒன்று உண்டு. 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் கண்ட ஈயச் சேர்மானத்தைச் சிறிதளவு கலந்தால், மோட்டார் இயந்திரம் ‘டக் டக்’கென்று தட்டாமல் ஓடிற்று. ஈயம் விஷம் என்று அறிந்தும் உலகம் அரை நூற்றாண்டு அந்தப் புகையைச் சுவாசித்தது. 1970-களில் அதை விலக்க முற்பட்டபோது, தட்டுதலை அடக்க வேறு எதைச் சேர்ப்பது என்ற கேள்வி பிறந்தது.

விடையாக வந்த பொருள் மெதில் டெர்ஷியரி பியூட்டைல் ஈதர். இப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நம் நாக்கே தட்டிவிடும், எம்.டி.பி.ஈ. என்றே அழைப்போம்.

இதைச் செய்யும் முறை வெகு நேர்த்தியானது. மரச்சாராயம் என்று முன்னாளில் வழங்கிய மெதனாலையும், எண்ணெய் ஆலைகளில் கிடைக்கும் ஐசோபியூட்டிலீன் என்ற வாயுவையும் அழுத்தத்தில் திரவமாக்கி, ஒரு கலத்தின் வழியே செலுத்துகிறார்கள். கலம் நிறையக் கடுகினும் சிறிய பிசின் மணிகள். அம்மணிகளில் பிணைந்துள்ள அமிலம் ஐசோபியூட்டிலீனுக்கு ஒரு புரோட்டானைக் கடன் கொடுக்கிறது. கடன் பெற்ற அது உடனே மெதனாலைப் பற்றிக்கொள்கிறது. இணைப்பு முடிந்ததும் கடன் அமிலத்திற்கே திரும்பிவிடுகிறது. தரகுக் கூலி வாங்காத கலியாணத் தரகர்! இத்தகைய பொருளுக்குக் கிரியா ஊக்கி என்று பெயர். சேரும்போது சூடு பிறக்கும். சூடு மிஞ்சினால் சேர்ந்த ஜோடி மறுபடி பிரியத் தொடங்கும். ஆகையால் 100 டிகிரி சென்டிகிரேடுக்கு உட்பட்டே காரியத்தை நடத்துவது வழக்கம்.

எம்.டி.பி.ஈ.யின் எடையில் 18 சதவிகிதம் பிராணவாயு. அதைக் கலந்த பெட்ரோல் நன்றாக எரியும். விஷவாயுவான கார்பன் மோனாக்ஸைடு குறையும். காற்று கெட்ட நகரங்களில் பிராணவாயுள்ள பெட்ரோலையே விற்க வேண்டுமென்று 1990-இல் அமெரிக்கா சட்டம் செய்தது. எம்.டி.பி.ஈ.க்கு யோகம் அடித்தது.

ஆனால் அதே பிராணவாயு அப்பொருளைத் தண்ணீருக்கும் நண்பனாக்கிவிட்டது. பூமிக்கடியில் பெட்ரோல் தொட்டி கசிந்தால், பெட்ரோலின் பெரும்பகுதி மண்ணோடு தங்கிவிடும். மண்ணிலுள்ள கிருமிகள் அதை மெல்லத் தின்னும். எம்.டி.பி.ஈ.யோ நிலத்தடி நீரில் கரைந்து நெடுந்தூரம் போய்விடும். கிருமிகளும் அதை எளிதில் தொடுவதில்லை. நூறு கோடிப் பங்கு தண்ணீரில் சில பத்துப் பங்கு கலந்தாலே, டர்பென்டைன் போன்ற நெடி குடிப்பவரை முகம் சுளிக்க வைக்கும்.

1996-இல் கலிபோர்னியாவின் ஸான்டா மோனிகா நகரம் தன் கிணறுகளை மூடிற்று. நகரத்தின் குடிநீரில் ஏறக்குறைய பாதி அதனால் போயிற்று. 1999-இல் கலிபோர்னியா அரசு எம்.டி.பி.ஈ.யை விலக்கக் கட்டளையிட்டது. 2004 தொடக்கம் முதல் தடை நடைமுறைக்கு வந்தது.

அதன் இடத்தைப் பிடித்தது எத்தனால், அதாவது சாராயம். இதிலும் பிராணவாயு உண்டு. இதுவும் தண்ணீரில் கரையும். ஆயினும் மண்ணின் கிருமிகளுக்கு இது விருந்து. ஆனால் விருந்தில் மூழ்கிய கிருமிகள், பெட்ரோலிலேயே உள்ள பென்ஸீன் என்ற விஷத்தைத் தின்னத் தாமதிக்கின்றன. அதற்குள் அது நிலத்தடி நீரோடு இன்னும் சற்றுத் தூரம் போய்விடுகிறது.