மாத்திரைக்குப் பணம் உண்டு, வாலிபனுக்கு?

ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியிலே ஜிம்பாப்வே என்றொரு நாடு. 1980இல் வெள்ளையர் ஆதிக்கத்தை வீழ்த்தி விடுதலை கண்ட நாடு. அங்கே மாதச் சம்பளக்காரன் நூறு ரூபாய் வருமான வரி கட்டுகிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதன்மேல் இன்னும் மூன்று ரூபாய் பிடித்துக் கொள்கிறார்கள். கம்பெனிக்காரனுக்கும் இதே கணக்குத்தான். 'எய்ட்ஸ் தீர்வை' என்பது அதன் பெயர். 2000ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது.

அந்த மூன்று ரூபாயைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அதற்கு முன் சில வாலிபர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2004இல் தலைநகர் ஹராரேயில், எச்.ஐ.வி. கிருமியோடு வாழும் இளம் பிள்ளைகள் சிலர் ஒன்றுகூடினார்கள். 'ஸ்வந்திரி' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் பேசும் ஷோனா மொழியில் 'நான் இருக்கிறபடியே' என்று அதற்குப் பொருள். அந்தச் சிறு கூட்டம் வளர்ந்து நாடு முழுவதும் பரவியது. 18 முதல் 24 வயதுக்குட்பட்டவர்கள், தாங்களும் அதே கிருமியோடு வாழ்கிறவர்கள், பயிற்சி பெற்று ஆஸ்பத்திரியோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். தங்களைவிடச் சிறிய பிள்ளைகளின் வீடு தேடிப் போகிறார்கள்.

போய் என்ன செய்கிறார்கள்? பேசுகிறார்கள்! "மாத்திரையை ஏன் வீசி எறிந்தாய்?" என்று நர்ஸ் அம்மாள் கேட்டால் பிள்ளை தலையைக் குனிந்து கொள்ளும். "நானும் ஒரு தரம் எறிந்தவள்தான்" என்று இருபது வயதுப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், வாய் திறக்கும். எனக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது, அவனிடம் இதைச் சொல்ல வேண்டுமா? உறை போட மறுத்தால் என்ன செய்வது? எனக்குக் குழந்தை பிறந்தால் அதற்கும் கிருமி வருமா? தாயிடம் கேட்க முடியாத கேள்விகள். வேறெங்கோ நடக்கிற கூத்து என்று எண்ணிவிடாதீர்கள். நம் வீட்டிலே இந்தப் பேச்சு வந்தால் செருமிக் கொண்டு எழுந்து போகிறவர்கள்தானே நாம்?

வெறும் பேச்சால் ஆகுமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கும் இருக்கிறது. இரண்டு மாவட்டங்களில் 16 சிகிச்சை நிலையங்களை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் இந்த வாலிபர்களை விட்டு, மற்றவற்றில் வழக்கமான சிகிச்சையை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு வயது 13 முதல் 19. முடிவு 2020இல் வெளிவந்தது. வாலிபர்கள் போன இடத்தில், கிருமி கட்டுக்கு அடங்காமல் போவதும் சாவும் 42 சதவீதம் குறைவு! மாத்திரை இரண்டு இடத்திலும் ஒன்றே. வாலிபர்கள்தான் வித்தியாசம்.

இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பணம் பெரும்பாலும் எங்கிருந்து வந்தது? அயல் நாடுகளிலிருந்து. 2025 ஜனவரி 20ஆம் தேதி, பதவியேற்ற அன்றே, அமெரிக்க ஜனாதிபதி அயல்நாட்டு உதவியை நிறுத்தி வைத்தார். ஜூலை முதல் தேதியோடு அந்த உதவி ஸ்தாபனமே மூடப்பட்டது. பிப்ரவரியில் பிரிட்டன் தன் பங்குக்கு, நாட்டு வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த உதவியை 2027க்குள் 0.3 ஆக்குவோம் என்றது. கொடுத்தவன் கையை எடுத்துக் கொண்டான். பிச்சை வேண்டாம் என்று மார்தட்டுவது எளிது. இடையில் மாத்திரை நின்றுபோகும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

இங்கேதான் அந்த மூன்று ரூபாய் வருகிறது. அது ஜிம்பாப்வே தொழிலாளியின் சொந்தப் பணம். யார் கோபித்துக் கொண்டாலும் நிற்காது. குறையில்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டோம். 2008இல் பணவீக்கம் ஊரை விழுங்கியபோது தீர்வையும் காகிதமாகிப் போனது. சந்தையிலும் தெருவிலும் பிழைக்கும் பெருங்கூட்டம் வருமான வரிக் கணக்கிலேயே வராது. வருகிற பணத்திலும் பெரும்பகுதி மருந்து வாங்கப் போகிறது.

போகட்டும், மருந்து முதலில்தான். ஆனால் மருந்தை விழுங்க வைக்கிற வாலிபனுக்கு? அவனைத் 'தொண்டன்' என்று புகழ்ந்துவிட்டு, பஸ் சார்ஜுக்குக் கூட வழியில்லாமல் விடுவதா? பணம் வரும்போது ஓட்டல் மாநாடு, பனியனில் படம், பளபள அறிக்கை! பணம் குறைந்ததும் முதலில் வெட்டுவது அவனுடைய மாதப்படியை! இந்தக் கத்தரிக்கோலை யார் கையில் கொடுத்தாலும் ஒரே இடத்தைத்தான் வெட்டுகிறது. சம்பளம் தராமல் வேலை வாங்கும் தந்திரம் நமக்குப் புதிதா?

நாம் சொல்வது இதுதான். வெட்டித்தான் தீரவேண்டும் என்றால் மாநாட்டை வெட்டு, அறிக்கையை வெட்டு. வாலிபனின் படி, அவனுக்கு மேலே துணைநிற்கும் ஒரு நர்ஸ், மாதம் ஒரு கூட்டம், இந்த மூன்றையும் தொடாதே. தீர்வைப் பணத்தில் மருந்துக்கு ஒரு பங்கு என்றால், இதற்கும் ஒரு பங்கு சட்டமாக எழுதப்படட்டும். சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கிற தொழிலாளிக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. அவன் தொழிற்சங்கம் கேட்கட்டும்.

இன்னொன்று. 24 வயதோடு இவர்கள் விலக வேண்டியவர்கள். ஒரு வருஷம் பயிற்சி நின்றால் அடுத்த அணி இல்லை. ஸ்வந்திரி தொடங்கிய 2004இல் கிருமியோடு பிறந்த குழந்தைக்கு 2025இல் வயது 21. வீடு தேடி வந்தவர்களைப் பார்த்து வளர்ந்து, இப்போது தானே வீடு தேடிப் போக வேண்டிய வயது.