கார் மேல ரேக் இல்லை; கயாக்கை எப்படிக் கொண்டு போவது? சட்டம், அளவு, கட்டும் முறை – முழு விளக்கம்

கயாக் எனும் சிறிய துடுப்புப் படகை வாங்குவது இப்போது கஷ்டமில்லை. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். வீட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் அதை எப்படி எடுத்துப் போவது என்பதுதான் பெரும்பாலானோர் வாங்கிய பிறகு யோசிக்கும் கேள்வி.

கோலார் தங்கவயலை (கேஜிஎஃப்) உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, இங்குள்ள தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த பலர் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். வார இறுதி என்றால் பக்கத்தில் பேத்தமங்கலா ஏரி இருக்கிறது. இன்னும் தூரம் போக நினைத்தால் சுமார் 250 கி.மீ தொலைவில் சென்னைக் கடற்கரை. வீட்டில் இருப்பதோ ஒரு சின்ன ஹேட்ச்பேக் கார். அதன் கூரையில் ரேக் கிடையாது.

ரேக் இல்லாமல் கொண்டு போக முடியுமா? முடியும். ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு: படகின் நீளம் காருக்குள் அடங்க வேண்டும், நான்கு இடங்களில் கட்ட வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும், ஆபத்து உங்களுக்கு மட்டுமல்ல, பின்னால் பைக்கில் வருபவருக்கும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டிக்கு வெளியே சுமை நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது என்பதை மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 93-வது விதி பேசுகிறது. அதை மீறினால் என்ன ஆகும் என்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவு சொல்கிறது. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு இது. பக்கவாட்டிலோ, முன்னாலோ, பின்னாலோ, உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டி சுமை நீண்டால் அபராதம் 20,000 ரூபாய். சுமையை இறக்கும் செலவும் உங்களுடையது. இறக்காமல் வண்டியை நகர்த்தவும் முடியாது.

'சிவப்புத் துணி கட்டிட்டா போதும்' என்ற பழைய நம்பிக்கை உங்களைக் காப்பாற்றாது. துணி என்பது எச்சரிக்கைதான், அனுமதி இல்லை.

விதியின் வாசகங்கள் லாரி போன்ற சரக்கு வண்டிகளுக்கே நேராகப் பொருந்துகின்றன. பானெட்டுக்கு மேலே நீளும் படகைப் பார்த்து ஒரு போக்குவரத்து அதிகாரி கேள்வி கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். நீங்கள் பின்பற்றக்கூடிய எளிய அளவுகோல் இது: காரை மேலிருந்து பார்த்தால், கயாக்கின் எந்தப் பகுதியும் காரின் வெளிவிளிம்பைத் தாண்டித் தெரியக் கூடாது. பானெட் பக்கம் எவ்வளவு குறைவாக நீள்கிறதோ அவ்வளவு நல்லது.

கட்டு அவிழ்ந்து யாராவது இறந்தால் விஷயம் அபராதத்தோடு நிற்காது. அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின் கீழ் 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு.

உங்கள் காருக்கு எத்தனை அடி கயாக் பொருந்தும்?

2006 மத்திய பட்ஜெட்டில் 4 மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு உற்பத்தி வரிச் சலுகை தரப்பட்டது. அதன் பிறகு இந்தியாவில் அதிகம் விற்கும் கார்கள் பலவும் அந்த 4 மீட்டருக்குள் அடங்குபவை. கயாக்குகளுக்கு அப்படி எந்த எல்லையும் இல்லை.

கார்களின் நீளம்:

- மாருதி ஆல்டோ கே10: 3.53 மீட்டர்
- மாருதி வேகன்ஆர்: 3.655 மீட்டர்
- மாருதி ஸ்விஃப்ட்: 3.86 மீட்டர்
- மாருதி டிசையர்: 3.995 மீட்டர்
- டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா: 4.735 மீட்டர்

கயாக்குகளின் நீளம்:

- 10 அடி: 3.05 மீட்டர்
- 12 அடி: 3.66 மீட்டர்
- 14 அடி: 4.27 மீட்டர்
- 17 அடி (கடல் கயாக்): 5.18 மீட்டர்

இதைப் பார்த்ததும் '12 அடி கயாக் ஸ்விஃப்ட்டில் போகுமே' என்று தோன்றும். அங்கேதான் ஒரு சிக்கல். ஹேட்ச்பேக் கார்களில் கூரை, காரின் நடுவில் இருப்பதில்லை. பின்பக்கம் தள்ளி இருக்கும். படகைக் கூரையின் நடுவில் வைத்தால் வால் பகுதி காருக்கு வெளியே போய்விடும். அதைத் தவிர்க்க முன்னால் தள்ளினால், படகின் எடை மையம் முன்பக்கத் தாங்கலை நெருங்கிவிடும். அப்போது பிரேக் போடும்போது மூக்கு பானெட்டை நோக்கிச் சாயும்.

அதனால் நடைமுறைக் கணக்கு இதுதான்: ஹேட்ச்பேக் என்றால் 10 அடி வரை. டிசையர் போன்ற செடான்களில் கூரை நடுவில் இருப்பதால் 12 அடி வரை யோசிக்கலாம். அதற்கு மேல் என்றால் ரேக் இல்லாமல் முயற்சி செய்ய வேண்டாம்.

எடையையும் பாருங்கள். 10 அடி பிளாஸ்டிக் கயாக் பொதுவாக 20 முதல் 25 கிலோ இருக்கும். கூரை எவ்வளவு தாங்கும் என்பது காரின் கையேட்டில் இருக்கும். சில கார்களின் கூரையில் தெரியும் ரெயில்கள் வெறும் அழகுக்காக ஒட்டப்பட்டவை. கையேட்டில் எடை அளவு குறிப்பிடப்படவில்லை என்றால், அவற்றில் எதையும் கட்டாதீர்கள்.

என்னென்ன தேவை?

- ஃபோம் கட்டைகள் 2 அல்லது 4. கயாக்குக்கென்றே பள்ளம் வெட்டியவை கிடைக்கின்றன. துண்டு, போர்வை, யோகா மேட் வேண்டாம், நழுவும்.
- 25 மி.மீ அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டைகள் 2, கேம் பக்கிளுடன் (விரலால் அழுத்தி இறுக்கும் கொக்கி).
- முன், பின் முனைகளைக் கட்ட 2 உறுதியான கயிறுகள்.

நைலான் கயிறு நனைந்தால் நீளும். மழையில் கட்டு தளர்ந்துவிடும். பைக்கில் பை கட்டும் எலாஸ்டிக் கொக்கிக் கயிறு இழுபடும் தன்மை கொண்டது, இந்த வேலைக்கு ஆகாது. லாரிகளில் பயன்படுத்தும் ராட்செட் பட்டை தேவைக்கு மேல் இறுக்கிவிடும். வெயிலில் பிளாஸ்டிக் இளகும்போது படகில் பள்ளம் விழும்.

கட்டுவது எப்படி?

1. கூரையைத் துடையுங்கள். ஃபோமுக்கு அடியில் புழுதி இருந்தால் பெயிண்ட் கீறும்.

2. கயாக்கில் உள்ள சீட், துடுப்பு, பை எல்லாவற்றையும் கழற்றி காருக்குள் வையுங்கள். உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள்.

3. ஃபோம் கட்டைகளைக் கதவுத் தூண்களுக்கு நேர் மேலே வையுங்கள். கூரையின் நடுப்பகுதி மெல்லிய தகடு. பலம் ஓரங்களில்தான் இருக்கிறது. இரண்டு தாங்கல்களுக்கும் இடையே முடிந்தவரை இடைவெளி இருக்கட்டும்.

4. இரண்டு பேர் சேர்ந்து காரின் பின்பக்கமிருந்து படகைக் கவிழ்த்த நிலையில் ஏற்றுங்கள். கவிழ்த்து வைத்தால் மழைத் தண்ணீர் உள்ளே சேராது. படகின் நடுப்புள்ளி இரண்டு தாங்கல்களுக்கும் இடையில் வருகிறதா என்று பாருங்கள்.

5. நான்கு கதவுகளையும் திறந்து வையுங்கள். பட்டையைப் படகின் மேல் போட்டு, கதவு திறப்பின் வழியாகக் காருக்குள் எடுத்து, மறுபக்கம் கொண்டுவந்து இறுக்குங்கள். முன் கதவில் ஒன்று, பின் கதவில் ஒன்று. ஜன்னல் வழியாகக் கட்டினால் கதவைத் திறக்க முடியாது. அவசரத்தில் வெளியேறவும் முடியாது.

6. கூரையில் தெரியும் பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிவிடுங்கள். தட்டையாக இருந்தால் காற்றில் அடித்துக்கொண்டு இரையும்.

7. முன்முனையிலிருந்து காரின் முன்பக்கத்துக்கும், பின்முனையிலிருந்து பின்பக்கத்துக்கும் கயிறு கட்டுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஏழாவது படி ஏன் முக்கியம்? கதவு வழியாகப் போகும் பட்டைகள் படகைக் கீழே அழுத்திப் பிடிக்கும். ஆனால் பிரேக் போடும்போது முன்னால் நழுவுவதையும், எதிர்க்காற்றில் மூக்கு தூக்குவதையும் அவற்றால் முழுசாகத் தடுக்க முடியாது. ரேக் இருந்தால் அதன் அகலமான பிடிப்பு அந்த வேலையில் ஒரு பகுதியைச் செய்யும். இங்கே அது இல்லை, அதனால் முனைக் கயிறுகள் கட்டாயம்.

கயிற்றை எதில் கட்டுவது? டூல் கிட்டில் திருகிப் பொருத்தும் இழுவைக் கொக்கி இருக்கும்; அதில் கட்டலாம். பானெட்டுக்கு அடியில் போல்ட்டோடு பொருத்தும் துணி வளையங்களும் கிடைக்கின்றன. பம்பர், நம்பர் பிளேட், கிரில் ஆகியவற்றில் கட்டக் கூடாது. அவை பிளாஸ்டிக், பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கயிறு கூரான விளிம்பில் உரசும் இடத்தில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகுங்கள். படகு வளையும் அளவுக்கு முனைகளை இழுக்க வேண்டாம். தொய்வு இல்லாமல் இருந்தால் போதும்.

கடைசியாக ஒரு சோதனை. படகைப் பிடித்து நன்றாக ஆட்டுங்கள். படகு தனியாக அசையக் கூடாது. காரும் சேர்ந்து ஆட வேண்டும். படகு மட்டும் ஆடினால், அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள்.

கவனிக்க: ஜன்னல் ஓரமாக மேலிருந்து விரியும் கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில், உள்ளே ஓடும் பட்டை அதற்குத் தடையாகலாம். கையேட்டைப் பார்க்காமல் இந்த முறையைப் பயன்படுத்தாதீர்கள்.

எவ்வளவு வேகத்தில் போகலாம்?

காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 40 கி.மீ வேகத்தில் படகின் மீது விழும் விசையை 1 என்று வைத்தால்:

- 60 கி.மீ: 2.25 மடங்கு
- 80 கி.மீ: 4 மடங்கு
- 100 கி.மீ: 6.25 மடங்கு
- 120 கி.மீ: 9 மடங்கு

2018-ல் மத்திய அரசு விரைவுச்சாலையில் கார்களுக்கான அதிகபட்ச வேகத்தை 120 கி.மீ என்று அறிவித்தது. ஹொசகோட்டையிலிருந்து பேத்தமங்கலா பக்கமாக வரும் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை கேஜிஎஃப்-காரர்களுக்கு வசதிதான். ஆனால் ரேக் இல்லாமல் படகு கட்டிய காருக்கு அது ஏற்ற சாலை இல்லை. சுற்றியிருப்பவர்கள் 100-க்கு மேல் போகும்போது நீங்கள் 60-ல் போவதும் ஆபத்தே. பழைய நெடுஞ்சாலையில் இடது ஓரமாக 60 கி.மீ-க்குள் போங்கள்.

80 கி.மீ வேகம் எப்படிப்பட்டது? சுமார் 25 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது எட்டு மாடி உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகம் அது. அவிழ்ந்து சாலையில் விழுந்த படகின் மீது அந்த வேகத்தில் ஒரு பைக் மோதினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கிளம்பி 5 கி.மீ போனதும் நிறுத்திக் கட்டுகளைப் பாருங்கள். பிறகு மணிக்கு ஒருமுறை. மழை பெய்தால் உடனே.

டிக்கியைத் திறந்து வைத்து உள்ளேயே தள்ளிவிட்டால்?

வேண்டாம். பின்னால் நீட்டிக்கொண்டு இருப்பதால் விதிமீறல். அதைவிடப் பெரிய ஆபத்து, திறந்த டிக்கி வழியாக கார்பன் மோனாக்சைடு கலந்த புகை உள்ளே இழுக்கப்படும். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது.

வேறு வழிகள்?

*குட்டி யானை:* டாடா ஏஸின் சரக்குப் பகுதி சுமார் 7 அடி நீளம்தான். 10 அடி கயாக் படுத்த நிலையில் பின்னால் 3 அடி நீளும். மூக்கைக் கேபினுக்கு மேலே சாய்த்து வைத்துக் கட்ட வேண்டியிருக்கும். கொஞ்சம் பெரிய பிக்அப் வண்டி என்றால் நிம்மதி.

*காற்றடைக்கும் கயாக்:* மடித்துப் பையில் போட்டு டிக்கியில் வைக்கலாம். ரேக் பிரச்சினையே இல்லை. நம் மீனவர்களின் கட்டுமரமும் ஒருவகையில் இப்படித்தான்: கரையேறியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகத் தூக்கிக் காயப்போட்டுவிடலாம். கேஜிஎஃப் போல தண்ணீருக்குத் தூரத்தில் இருப்பவர்கள் இன்னும் படகு வாங்கவில்லை என்றால், முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

*வாடகை:* ராமநாதபுரம் மாவட்டம் காரங்காடு அலையாத்திக் காட்டில் வனத்துறையின் சூழல் சுற்றுலாவில் கயாக் அங்கேயே கிடைக்கும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் போவீர்கள் என்றால், படகைச் சுமந்து போவதைவிட இது மலிவு.

தண்ணீரில் இறக்கும் முன்

பேத்தமங்கலா ஏரி பாலாற்றில் அமைந்தது. சுரங்க காலத்திலிருந்தே கேஜிஎஃப்-க்குக் குடிநீர் தந்த நீர்நிலை. அங்கே சொந்தப் படகை இறக்கும் முன் உள்ளூர் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். எந்த அணைக்கும் ஏரிக்கும் இது பொருந்தும். அனுமதி கிடைக்காமல் திரும்பி வந்தால், கட்டி அவிழ்த்த உழைப்பு முழுக்க வீண். எனவே படகைக் காரில் ஏற்றுவதற்கு முந்தைய நாளே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். லைஃப் ஜாக்கெட்டை மறக்காமல் காருக்குள் வையுங்கள்.