எத்தனை கதவைத் தட்டுவது?

உங்கள் வீட்டுப் பெண் பட்டப் படிப்பை முடித்துவிட்டாள். மேலே படிக்க ஆசைப்படுகிறாள். சந்தோஷம்தான். ஆனால் எத்தனை இடத்துக்கு விண்ணப்பம் போடுவது? "ஒன்று போதும், கிடைத்தால் பார்க்கலாம்" என்கிறார் அப்பா. "இருபது போடு, ஒன்றாவது கிடைக்காமலா போகும்?" என்கிறார் மாமா. யார் சொல்வது சரி?

இரண்டும் சரியில்லை! விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணறு பக்கம் வந்து, கரிசல் காட்டு விவசாயி ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். மழையை நம்பிய பூமியில் பருத்தியை மட்டும் விதைத்துவிட்டு அவர் சும்மா இருக்கமாட்டார். ஊடே உளுந்தும் போடுவார். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கை கொடுக்கும். அதற்காகக் கண்ட விதையையெல்லாம் வாங்கி இறைக்கவும் மாட்டார். விதைக்குக் காசு வேண்டுமே!

இங்கும் அதே கணக்குத்தான். பட்டாசு ஆலையில் அம்மா வாங்கும் சனிக்கிழமைச் சம்பளத்திலிருந்துதான் கட்டணம் போகிறது என்றால், ஒவ்வொரு விண்ணப்பமும் அந்த வாரத்து மளிகைச் செலவில் கை வைத்துவிடும்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பம் ஒன்று என்றால் வாசலும் ஒன்று என்று அர்த்தமில்லை. எம்.எஸ்ஸி.க்கு 'ஜாம்' என்று ஒரு தேர்வு உண்டு. (ரொட்டியில் தடவுகிற ஜாம் இல்லை!) அதில் தேறினால், ஒரே விண்ணப்பத்தில் பல ஐ.ஐ.டி.களை வரிசைப்படுத்திக் கேட்கலாம். எம்.டெக்.குக்கு 'கேட்' மதிப்பெண் இருந்தால், என்.ஐ.டி.களுக்குப் பொதுக் கலந்தாய்வு இருக்கிறது. ஒரே பதிவு, பல கல்லூரிகள். இங்கே கஞ்சத்தனம் வேண்டாம். பிடித்ததையெல்லாம் ஆசை வரிசைப்படி எழுதுங்கள். ஆனால் எம்.டெக்.குக்கு ஐ.ஐ.டி.களில் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக் கழகங்கள் பெரும்பாலும் அப்படியே. அங்கேதான் எண்ணிப் பார்த்துப் போட வேண்டும்.

கணித மேதை ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் பேக்கருக்கும் ஹாப்ஸனுக்கும் எழுதிப் பார்த்தார். பலனில்லை. 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார், கதவு திறந்தது! முதல் ஏமாற்றத்தோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. ஹார்டியின் நூலைப் படித்து, அதில் விடை காணப்படவில்லை என்றிருந்த ஒரு விஷயத்துக்குத் தாம் விடை கண்டதாக எழுதினார். ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. உங்கள் விஷயத்தில் உழைக்கிற ஆசிரியர் இல்லாத இடத்துக்கு விண்ணப்பம் எதற்கு?

தனித்தனி விண்ணப்பம் என்றால் ஆறு போதும் என்பது என் அபிப்பிராயம். கொஞ்சம் எட்டாத உயரத்தில் இரண்டு. மதிப்பெண்ணுக்குப் பொருத்தமாக மூன்று. அநேகமாக நிச்சயம் என்று ஒன்று. அந்தக் கடைசி ஒன்று விருதுநகரிலோ மதுரையிலோ, வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் இருந்தால் என்ன குறைந்துவிடும்? பட்டியல் முடிந்ததும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கேள்வி: "மற்றதெல்லாம் கைவிட்டு, இது ஒன்றுதான் கிடைத்தது என்றால் போய்ச் சேருவேனா?" 'ஆமாம்' என்று உடனே பதில் வராவிட்டால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். பணம் மிச்சம்!

இந்த வருஷம் எதுவுமே கிடைக்கவில்லையா? இடிந்துபோக வேண்டாம். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

ஆகவே அப்பாவும் மாமாவும் வாதத்தை நிறுத்திவிட்டு, பேனாவை அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கட்டும். படிக்கப் போகிறவள் அவள்தானே!