டபிள்யூடிஎம்-2, ஒய்டிஎம்-4... டீசல் எஞ்சின் பெயரில் என்ன இருக்கு?

நாவலூர் பக்கம் ரயில் கிடையாது. தென் மாவட்டங்களுக்குப் போக தாம்பரம் வந்துதான் ரயில் ஏற வேண்டும். அங்கே வந்து நிற்கும் எஞ்சினில் ‘டபிள்யூஏபி-7’ என்பதுபோல ஏதாவது எழுதியிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் எஞ்சினின் ஜாதகமே தெரிந்துவிடும்.

எழுத்துகள் சொல்வது என்ன?

முதல் எழுத்து பாதையைக் குறிக்கும். ‘டபிள்யூ’ என்றால் அகலப் பாதை, ‘ஒய்’ என்றால் மீட்டர் கேஜ். இரண்டாவது எழுத்து, எதில் ஓடுகிறது என்பது: ‘டி’ டீசல், ‘ஏ’ ஏசி மின்சாரம். மூன்றாவது வேலை: ‘பி’ பயணிகள் ரயில், ‘ஜி’ சரக்கு ரயில், ‘எம்’ இரண்டுக்கும், ‘எஸ்’ ஷண்டிங். கடைசி எண், மாடல் வரிசை.

ஏன் ‘எம்’?

பயணிகள் ரயிலுக்கு வேகம் முக்கியம். கூட்ஸுக்கு இழுவைத் திறன் முக்கியம். இரண்டையும் ஓரளவு சமாளிக்கும் எஞ்சின் இருந்தால், ஒரு ரயிலை விட்டதும் அடுத்ததை இழுக்கப் போகலாம்; சும்மா நிற்காது. 1957-ல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திலிருந்து வரத் தொடங்கிய டபிள்யூடிஎம்-1, 1962-ல் வந்த 2,600 குதிரைத்திறன் டபிள்யூடிஎம்-2 எல்லாமே இந்த ரகம்தான்.

ஆல்கோ தொழில்நுட்பத்தையும் கொடுத்தது. 1964 முதல் வாரணாசியிலேயே எஞ்சின்கள் தயாராகின. 1969-ல் ஆல்கோ ரயில் எஞ்சின் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. கையில் தொழில்நுட்பம் இல்லாமல் வெறும் எஞ்சின்களை மட்டும் வாங்கியிருந்தால், உதிரிபாகத்துக்கே திண்டாட வேண்டியிருந்திருக்கும். நிறுவனம் போன பிறகும் அதன் வடிவமைப்பு இங்கே பல பத்தாண்டுகள் ஓடியது.

எண்ணில் ஒரு குழப்பம்

டபிள்யூடிஎம்-2 என்றால் 2,000 குதிரைத்திறன் என்று நினைத்துவிட வேண்டாம். பிற்காலத்தில்தான் டீசல் எஞ்சின்களின் எண், ஆயிரக்கணக்கில் குதிரைத்திறனைக் குறிக்கத் தொடங்கியது. அதனால்தான் 3,100 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூடிஎம்-2சி, டபிள்யூடிஎம்-3ஏ என்று பெயர் மாறியது. இதில் ‘ஏ’ என்பது கூடுதல் 100. மின்சார எஞ்சின்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இப்போது எங்கே பார்க்கலாம்?

தாம்பரத்தில் மீட்டர் கேஜ் மின்சார ரயில்கள் 2004 வரை ஓடின. அந்தக் காலத்தில் தென் மாவட்ட ரயில்களை விழுப்புரத்துக்குத் தெற்கே இழுத்துப் போனது ஒய்டிஎம்-4. திருச்சி பொன்மலையில் பராமரிக்கப்படும் இந்த ரக எஞ்சின்கள்தான் குன்னூர்–ஊட்டி மலை ரயிலை இழுக்கின்றன. மற்ற தடங்கள் மின்மயமாகிவரும் நிலையில், பெயரில் இருக்கும் அந்த ‘டி’ எழுத்தைப் பார்ப்பதே அரிதாகி வருகிறது.