கடற்காற்றும் வேலிக்காலும்

வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையில், 1830-ஆம் ஆண்டளவில், கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தை விட்டு வந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் ஓர் இரும்பு உருக்காலையை நிறுவினார் என்பதும், சேலத்துக் குன்றுகளின் காந்தக் கல்லைத் தருவித்து, மரக்கரியால் உருக்கி, கட்டிகளாக வார்த்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார் என்பதும், கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பயணம் செய்கிறவர்களில் பலர் அறியாத சரித்திரம். எஃகு செய்யும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றவரும் இதே ஹீத்தான். கரிக்கு வேண்டிய காடுகள் அருகின. செலவு வரவை விஞ்சியது. அந்த நூற்றாண்டு முடிவதற்கு வெகு முன்னரே ஆலையும் மறைந்தது. வேலிக் கம்பத்தைப் பற்றி எழுத வந்த இந்த வாரக் கட்டுரையில் அந்த ஆலையை நான் நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. இரும்பு உருக்க உகந்த இடமென்று ஒருவர் தேர்ந்தெடுத்த அதே கரை, உருக்கிய இரும்பை வெயிலிலும் மழையிலும் நிறுத்திக் காப்பதற்கு நம் நாட்டிலேயே மிகக் கடினமான கரைகளில் ஒன்று.

கடலூர் முதுநகருக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பனாற்றுக்கும் இடைப்பட்ட நிலங்களிலும், சாமியார்பேட்டை, கிள்ளைப் பக்கத்துத் தோப்புகளிலும், சில ஆண்டுகளுக்கு முன் ஆங்கிள் கால் நட்டு முள்கம்பி இழுத்த வேலிகளை நின்று கவனிப்பவர்களுக்கு ஒரு விஷயம் பிரத்தியட்சமாகப் புலப்படும். காலின் தலை நன்றாகவே இருக்கும்; இடையும் வர்ணம் மங்கியதைத் தவிர வேறு பழுதின்றி இருக்கும்; தரைமட்டத்தை ஒட்டி, மேலும் கீழுமாக உள்ள அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் இரும்பு ஏடு ஏடாகப் பிரிந்து, கையால் அசைத்தால் உதிரும் நிலையில் இருக்கும். மண்ணைத் தோண்டி அடிப்பகுதியை எடுத்துப் பார்த்தால் அதுவும் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். ஒரு சாண் கெட்டதனால் ஆறடிக் கால் முழுவதும் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது என்பதே நம் கடலோரத்து வேலிகளின் உண்மையான நஷ்டக் கணக்கு.

இதன் காரணம் ரசாயன சாஸ்திரத்தில் நன்றாக விளக்கப்பட்டிருக்கிறது. இரும்பு துருவாவதற்கு ஈரமும் பிராணவாயுவும் வேண்டும் என்பதை அனைவரும் அறிவர்; ஆனால் ஒரே இரும்புத் துண்டின் ஓரிடம் காற்றை மிகுதியாகவும் அடுத்த இடம் குறைவாகவும் பெறும்போது, அவ்விரண்டுக்கும் இடையே மெல்லிய மின்னோட்டம் பிறந்து, காற்றுக் குறைந்த இடத்து இரும்பே கரைந்து போகிறது என்பதைப் பலர் அறியார். தரைமட்டம் அத்தகைய எல்லைக்கோடு. அந்த மின்னோட்டத்துக்கு ஈரமண்ணில் உள்ள உப்பு ராஜபாட்டை அமைத்துக் கொடுக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை அந்த இடத்தை ஊறவைக்க, தை பிறந்தபின் வெயில் அதை உலர்த்தி உப்பைச் செறியவைக்க, இடைவிடாத இந்தச் சுழற்சியில் கால் அங்கேயே மெலிகிறது. ஆயிரத்தறுநூறு ஆண்டுகளாக வறண்ட காற்றில் துருவாமல் நிற்கும் தில்லி இரும்புத் தூணும், மண்ணுக்குள் புதைந்திருந்த பகுதியில் அரிக்கப்பட்டிருந்ததை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். உப்புக் காற்றின் கரையில் நிற்கும் சாதாரண ஆங்கிளிடம் நாம் அதைவிட அதிகம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஆகவே கடலோரத்தில் வேலி போடுகிறவர் தம் பணத்தையும் சிரத்தையையும் முதலில் செலவிட வேண்டியது அந்த ஒரு சாண் இடத்தில்தான். கால் நிற்கும் கான்கிரீட் தரையோடு நின்றுவிடாமல், தரைக்கு மேல் நான்கு விரற்கடையாவது எழும்பி, நாற்புறமும் சரிவாக வழித்துவிடப்பட்டிருக்க வேண்டும். மட்டமாக விட்டால் காலைச் சுற்றிக் குழி விழுந்து மழைநீர் தேங்கும், பள்ளமாக விட்டாலோ கேட்கவே வேண்டாம். கான்கிரீட்டும் காலும் சந்திக்கும் விளிம்பில், மேலே ஒரு சாண் கீழே ஒரு சாண், தாரோ எபாக்சிப் பூச்சோ கனமாகப் பூச வேண்டும்; கீழ்ச் சாணுக்குரிய பூச்சைக் கால் நடுவதற்கு முன்னரே பூசி உலரவிட வேண்டும். காலின் அடிநுனி கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு மண்ணைத் தொடக் கூடாது. கடற்கரை மணலையும் உவர்க் கேணி நீரையும் கொண்டு கான்கிரீட் கலக்கும் வழக்கம் சிக்கனமாகத் தோன்றினாலும் அதுவே பெரும் விரயம். கான்கிரீட்டின் க்ஷார குணம் இரும்புக்கு இயற்கையாகத் தரும் காப்பை உப்பிலுள்ள குளோரைடு உடைத்துவிடுகிறது. இரும்பு புதையும் கான்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்று இந்தியத் தரநிர்ணயம் 456 விதித்திருப்பது இதனால்தான்.

அடுத்தது துத்தநாகம். துத்தநாகம் இரும்பைப் போர்வையாக மூடுவதோடு நில்லாமல், ஓரிடத்தில் கீறல் விழுந்தாலும் தான் முன்னின்று கரைந்து இரும்பைக் காக்கும் அபூர்வ குணம் உடையது. ஆனால் துத்தநாகப் பூச்சு என்ற பெயரில் கிடைப்பவை யாவும் ஒன்றல்ல. சுமார் 450 டிகிரி வெப்பத்தில் உருகிய துத்தநாகத் தொட்டியில் காலை முழுவதுமாக முக்கி எடுப்பதே மெய்யான முறை. ஐந்து மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கனமுள்ள எஃகுக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம் படிய வேண்டும் என்பது நம் நாட்டுத் தரம். அது ஏறக்குறைய 85 மைக்ரான் கனம். கடைகளில் வெள்ளி நிறப் பெயின்ட் அடித்து நிற்கும் கால்களில் பலவற்றில் துத்தநாகம் என்பது பெயருக்கும் இராது. உள்நாட்டுக் காற்றில் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு மைக்ரான் தேயும் துத்தநாகம், உப்புக் காற்று கடுமையாக வீசும் கரையில் நான்கு முதல் எட்டு மைக்ரான் வரை தேயக்கூடும். எனவே விருத்தாசலம் பக்கம் நாற்பது ஆண்டு நிற்கத்தக்க கால், அலையோசை கேட்கும் தூரத்தில் பத்து முதல் இருபது ஆண்டுகளே நிற்கும். இத்தகைய அரிப்புக் கணக்குகளைத் தமிழ்நாட்டில் வைத்தே ஆராய்வதற்கென, அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் தந்து, 1953-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இன்றும் இயங்கிவருகிறது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கே நம் வெல்டிங் பட்டறைகளில் ஒரு தவறு வழக்கமாகவே ஆகிவிட்டது. துத்தநாகத்தில் முக்கிய குழாயை வாங்கிவந்து, பிறகு அதை அறுத்து, துளையிட்டு, முட்டுக்காலைப் பற்றவைக்கிறார்கள். பற்றவைத்த இடத்தில் துத்தநாகம் வெண்புகையாக எரிந்து போகிறது. துளையின் விளிம்பு வெற்றிரும்பாக நிற்கிறது. காற்று முதலில் அங்கேதான் கை வைக்கிறது. அறுப்பதும் துளையிடுவதும் பற்றவைப்பதும் முதலில், முக்குவது கடைசியில் என்ற வரிசை மாறக் கூடாது. குழாயாக இருந்தால் இருபுறமும் காற்றுத் துளை விட்டே முக்க வேண்டும். அடைபட்ட குழாய் உருகிய துத்தநாகத்தில் வெடித்து உயிருக்கே ஆபத்து விளைவிக்கும்.

குழாயா ஆங்கிளா என்ற வினாவுக்கு வலிமையை மட்டும் அளந்தால் விடை எளிது. 50-க்கு 50 அளவில் ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள ஆங்கிள் மீட்டருக்கு நாலரைக் கிலோ நிறை உடையது. ஒன்றரை அங்குல நடுத்தரக் குழாயோ மீட்டருக்கு 3.56 கிலோதான். ஆயினும் எப்பக்கம் தள்ளினாலும் வளையாமல் நிற்பதில் குழாயே மேம்பட்டது. ஆனால் குழாய் உள்ளிருந்து துருவேறுவதைக் கண்ணால் காண முடியாது; தலை மூடியில்லாத குழாயில் மழைநீர் இறங்கி அடியில் தேங்கி, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே ஓட்டையாகிவிடும். ஆங்கிளின் இரு முகமும் வெளியே தெரிகின்றன. சுரண்டிப் பார்க்கலாம், மறுபடி பூசலாம். கடலுக்கு அருகே வரிசைக் கால்களுக்கு ஆங்கிளும், பெரும்பாரம் தாங்கும் மூலைக்கால்களுக்குத் தலை மூடி பற்றவைத்து, காற்றுத் துளை விட்டு முக்கியெடுத்த குழாயும் ஏற்றவை என்பது என் அபிப்பிராயம்.

இனி முட்டுக்காலைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் துருவேறாமலே வீழும் வேலிகள் பெரும்பாலும் மூலையில்தான் வீழ்கின்றன. ஐந்து கம்பிகளை, ஒவ்வொன்றையும் 80 கிலோ எடைக்கு ஒப்பான விசையோடு இழுத்துக் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 400 கிலோ. கம்பிகளின் சராசரி உயரம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் என்றால், மூலைக்காலின் அடியில் விழும் திருப்புத்திறன், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் 240 கிலோ விசையால் இழுப்பதற்குச் சமம். அதை எதிர்க்க அந்த ஒரு மீட்டர் உயரத்தில் முட்டுக்காலைப் பொருத்துகிறோம். முட்டு சாய்வாக நிற்பதனால் அது காலைப் பின்னுக்குத் தள்ளுவதோடு மேல்நோக்கியும் தள்ளுகிறது என்பதை அனுபவமுள்ள ஆட்களே மறந்துவிடுகிறார்கள். முட்டின் அடி காலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், மேல்நோக்கிய தள்ளுதலும் 240 கிலோ. 30 சென்டிமீட்டர் சதுரமும் 60 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள கான்கிரீட் கட்டியின் நிறையோ ஏறக்குறைய 130 கிலோதான். மிச்சத்தை மண்ணின் பிடிப்பு தாங்கினால் தாங்கும். மழையில் ஊறிய மண் எவ்வளவு தாங்கும்? வலுவான இரும்பு, புதிய கம்பி, கனமான முட்டு எல்லாம் இருந்தும் மூலைக்கால் கான்கிரீட்டோடு பெயர்ந்து எழும்பி நிற்பதைப் பார்த்துப் பலர் திகைப்பதற்கு இதுவே காரணம்.

பரிகாரம் மிக எளிது. அதே முட்டின் அடியை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் மேல்நோக்கிய விசை 120 கிலோவாகக் குறைகிறது. அந்தக் கட்டியே தன் நிறையால் காலை அமர்த்திவிடும். அதிகப்படியாகச் செலவாவது மூன்றடிக்குக் குறைவான இரும்பு. மின்கம்பத்துக்குப் போல ஸ்டே கம்பியை வெளிப்புறம் இழுத்துக் கட்டினால் காலைக் கீழ்நோக்கி அழுத்தும் என்பது உண்மையே. ஆனால் வெளிப்புறம் அடுத்தவர் நிலம், அல்லது மாட்டுவண்டிப் பாதை. வயலுக்கு உள்முட்டே உசிதம். மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பில், மூன்று மீட்டருக்கு ஒரு கால், பதினைந்தாவது காலுக்கும் மூலைக்காலுக்கும் இருபுறமும் முட்டு, கடைசிக் காலுக்கு ஒருபுறம் முட்டு என்று வகுத்திருப்பது நம் விவசாயிகளும் பின்பற்றத்தக்க நல்ல ஏற்பாடு. கம்பியை இழுக்கும் நேரமும் முக்கியம்: இரண்டரை மில்லிமீட்டர் தனிக் கம்பி 20 டிகிரி குளிர்ந்தால் அதன் இழுவிசை சுமார் 24 கிலோ கூடுகிறது. சித்திரை நண்பகலில் வீணைத் தந்தியாக முறுக்கிவிட்டால், மார்கழி விடியலில் அந்தச் சுமை முழுவதும் மூலைக்காலின் தலையில் ஏறும்.

மண்ணும் கடலூர் மாவட்டத்தில் ஒன்றல்ல. கேப்பர் மலையிலும் பண்ருட்டி முந்திரிக் காடுகளிலும் உள்ள செம்மண் காலை இறுகப் பற்றும். கரையோர மணல் பற்றாது. அங்கே ஆழம் கூட வேண்டும், கட்டியின் அடி அகன்றிருக்க வேண்டும். சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் வண்டல் களிமண்ணோ மழையில் உப்பி, கோடையில் வெடித்து, காலை ஆண்டுதோறும் அசைத்துக்கொண்டே இருக்கும். அங்கே முட்டின் அடிக்குத் தனிக் கான்கிரீட் மெத்தை இல்லாவிட்டால் முதல் மழையிலேயே அது சேற்றில் இறங்கிவிடும்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசியது. வெறும் கம்பி அத்தகைய காற்றுக்கு அதிகம் பிடி கொடுப்பதில்லை. ஆனால் கீற்றையோ தார்ப்பாயையோ கட்டி மறைத்த வேலியில் அந்தக் காற்று சதுர மீட்டருக்குச் சுமார் 90 கிலோ அழுத்தும். மூன்று மீட்டர் இடைவெளியும் நாலடி உயரமும் உள்ள மறைப்பில் ஒவ்வொரு காலுக்கும் முந்நூறு கிலோவுக்கு மேல் வரும். மேலே சொன்ன ஒன்றரை அங்குலக் குழாய் அதைத் தாங்காது. மறைப்பு வேண்டுமென்றால் காலின் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும்; அல்லது ஐப்பசி பிறக்குமுன் மறைப்பை அவிழ்த்துவிட வேண்டும்.

பழைய வேலி உள்ளவர்கள் இந்த ஆவணியிலேயே, மழைக்கு முன்பாக, ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு சாண் மண்ணை விலக்கிப் பார்த்து, இரும்பு இன்னும் கெட்டியாக இருக்கும் கால்களைச் சுரண்டித் துடைத்து, உலர்ந்தபின் தார் பூசிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். புது வேலி போடுகிறவர்கள் பட்டறைக்காரரிடம் விலை பேசுவதற்கு முன், பற்றவைத்தபின் முக்கித் தருவாரா என்பதைப் பேசிக்கொள்ளட்டும். கம்பியின் தேர்வைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.