உங்களுக்குத் தெரியுமா? நடிகர் கையில் முழு நாடகம் இல்லை!

ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் நடிகருக்கு நாடகப் பிரதி முழுதாகக் கிடைக்காது. கையால் எழுதிய அவருடைய வசனமும், அதற்கு முன் அடுத்தவர் பேசி முடிக்கும் கடைசி இரண்டு மூன்று குறிப்புச் சொற்களும்தான். பேசப்போவது யார் என்றுகூட இருக்காது; காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்! புகழ்பெற்ற நடிகர் எட்வர்ட் அலின், சுமார் 1591-இல் ‘ஓர்லாண்டோ ஃபியூரியோசோ’ நாடகத்துக்காக வைத்திருந்த இத்தகைய பிரதி லண்டன் டல்விச் கல்லூரியில் இன்றும் உள்ளது. தாள் துண்டுகளை ஒட்டிய நீண்ட சுருள்; இடையிடையே அவர் கையாலேயே திருத்தங்கள். இந்த முறையை ஷேக்ஸ்பியரே கிண்டலடித்திருக்கிறார். ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தில் ஃப்ளூட் என்ற கத்துக்குட்டி நடிகர், அடுத்தவரின் குறிப்புச் சொற்களையும் சேர்த்து ஒரே மூச்சில் ஒப்பித்துத் திட்டு வாங்குகிறார்.