லோடு மாறினா கரண்ட் மாறுதே, ஏன்?

ராயப்பேட்டையில என் ரூம் மேசையிலிருந்து பேசுறேன். போன வாரம் அண்ணா சாலையைத் தாண்டி ரிச்சி தெரு போய் ஒரு ஆப்-ஆம்ப், நாலு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வாங்கினேன். எல்லாம் 1% ரகம். கட்டினது ஹவ்லண்ட் கரண்ட் சோர்ஸ். எம்ஐடி-யில் இருந்த பிராட்ஃபோர்டு ஹவ்லண்ட் 1960களின் தொடக்கத்தில் கண்டுபிடிச்சது. 10 வோல்ட் கொடுத்தா, லோடு எதுவானாலும் 1 மில்லிஆம்பியர் வரணும்.

100 ஓம் லோடு வெச்சேன்: 1.00. 5 கிலோ ஓம் வெச்சேன்: 1.01. லோடு கூடினா கரண்ட் ஏறுமா? டூப்ளிகேட் ஐசி-யைத் தலையில கட்டிட்டாங்கன்னு நினைச்சு வேற ஐசி போட்டேன். அதே 1.01.

சரி, கணக்குப் போடுவோம். லோடு மேல இருக்கிற வோல்டேஜ் கிட்டத்தட்ட 5 வோல்ட் ஏறியிருக்கு. கரண்ட் மாறினது 10 மைக்ரோஆம்பியர். வகுத்தா 500 கிலோ ஓம். இதுதான் அவுட்புட் ரெசிஸ்டன்ஸ். கரண்ட் குறையாம ஏறினதால மைனஸ் குறி. உண்மையில இது முடிவிலியா இருக்கணும்.

ஏன் இப்படி? லோடு முனையில வோல்டேஜ் ஏறினா, இன்புட் ரெசிஸ்டர் வழியா வர்ற கரண்ட் குறையும். உடனே ஆப்-ஆம்ப் தன் அவுட்புட்டை அதைப் போல ரெண்டு மடங்கு ஏத்தி, இன்னொரு ரெசிஸ்டர் வழியா அந்தக் குறைவை ஈடுகட்டும். நாலு ரெசிஸ்டரோட ரெண்டு விகிதமும் சமமா இருந்தா, ஈடு கச்சிதம். கம்மியா ஈடுகட்டினா பிளஸ், அதிகமானா மைனஸ்.

அவுட்புட் ரெசிஸ்டன்ஸ்னா 10 கிலோ ஓமை விகிதப் பிசகால வகுக்கிறது, அவ்வளவுதான். நாலும் மோசமான பக்கமா 1% தப்பினா பிசகு 4%. வெறும் 250 கிலோ ஓம். என்னோடது 2%. 0.1% ரெசிஸ்டர் போட்டா, மோசமான நிலையிலும் 2.5 மெகா ஓம். ஆக, பாவம், ஐசி மேல தப்பே இல்ல!

நான் செஞ்சது: ஒரு 10 கிலோவை எடுத்துட்டு, 9.1 கிலோவோட 2 கிலோ ட்ரிம்பாட்டை சீரிஸ்ல போட்டேன். ரெண்டு லோடையும் மாத்தி மாத்தி வெச்சு, ரீடிங் அசையாத வரைக்கும் திருகினேன்.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க: இது டிசி கணக்கு. ஃப்ரீக்வென்சி ஏற ஏற ஆப்-ஆம்ப்போட கெயின் குறையும், அப்போ ட்ரிம்பாட் காப்பாத்தாது. கரண்ட் சோர்ஸ் கட்டினா, ஒரே லோடுல பார்த்துட்டுத் திருப்தி ஆயிடாதீங்க. ரெண்டு லோடுல பாருங்க.